ஃபுல்லர் ஆல்பிரைட்

ஃபுல்லர் ஆல்பிரைட் (சனவரி 12, 1900 – டிசம்பர் 8, 1969) ஓர் அமெரிக்க மருத்துவரும் நாளமில்லாச் சுரப்பியியல் அறிஞரும் ஆவார். எலும்பிலும் பல்லிலும் கனிமங்கள் படிவதைக் கெடுக்கும் வளர்சிதைமாற்ற நோய்களை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். உயிர்ச்சத்து டி (வைட்டமின் டி) கொடுத்தும் குணமாகாத ஒருவகை ரிக்கெட்ஸ் நோயை 1937 இல் தம் கூட்டாளிகளுடன் விவரித்தார். எக்ஸ்-சார் பாஸ்பேட் குறைநோய் என இன்று அறியப்படும் அரிய பரம்பரை நோயைப் பற்றிய முதல் தெளிவான விவரிப்பாக அது கொள்ளப்படுகிறது. ஓர் இயக்குநீர் (ஹார்மோன்) உடலில் போதிய அளவு இருந்தும் உறுப்புகள் அதற்கு இணங்காமையால் நோய் வரலாம் என்னும் கருத்தை மருத்துவத்தில் நிலைநாட்டியவரும் இவரே. தம் முப்பதுகளின் நடுப்பகுதியிலேயே நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்கு ஆளான இவர், தம் ஆய்வுகளில் பெரும்பாலானவற்றை அந்நோயுடனேயே செய்து முடித்தார்.

இளமையும் கல்வியும்

ஆல்பிரைட் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஜோசப் ஆல்பிரைட் நிலக்கரி, எஃகு, மின்னுற்பத்தி ஆகிய தொழில்களில் பெரும்பொருள் ஈட்டியவர், கொடையாளர். 1905 இல் அந்நகரில் திறக்கப்பட்ட ஆல்பிரைட் ஓவியக் கூடம் அவருடைய கொடையால் எழுந்ததாகும் (இது இன்று பஃபலோ ஏகேஜி கலை அருங்காட்சியகம் எனப்படுகிறது). தாய் சூசன் ஃபுல்லர். தாயின் குடும்பப் பெயரே மகனுக்கு முதற்பெயராக அமைந்தது.

பஃபலோவில் பள்ளிக் கல்வியை முடித்தபின் ஹார்வர்டு கல்லூரியிலும், தொடர்ந்து ஹார்வர்டு மருத்துவப் பள்ளியிலும் பயின்று 1924 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் பாஸ்டனிலுள்ள மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்தார். இடையில் கழிந்த சில ஆண்டுகள் நீங்கலாக, அவருடைய வாழ்நாள் முழுவதும் அம்மருத்துவமனையைச் சுற்றியே அமைந்தது.

அங்கு ஜோசப் ஆப் என்பவரிடம் ஆய்வு செய்யும் வாய்ப்பு கிடைத்தது. ஆப் அப்போது ஈய நஞ்சேற்றம் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். உடலுக்குள் புகும் ஈயம் எலும்பில் கால்சியத்துடன் சேர்ந்து தங்கிவிடுகிறது. எனவே எலும்பிலிருந்து கால்சியத்தை வெளியேற்றும் வழி தெரிந்தால் ஈயத்தையும் வெளியேற்றலாம் என்பது ஆப்பின் எண்ணம். 1925 இல் கனடாவைச் சேர்ந்த ஜேம்ஸ் காலிப் பாராதைராய்டுச் சுரப்பியின் செயல்திறன் மிக்க சாற்றைப் பிரித்தெடுத்திருந்தார். அச்சாறு இவ்வாய்வுக்குப் பயன்பட்டது. ஈயத்தைத் தேடிப் போன இடத்தில் ஆல்பிரைட்டுக்குக் கால்சியத்தின்மீது ஆர்வம் பிறந்தது. அந்த ஆர்வம் கடைசிவரை நீங்கவில்லை.

அடுத்து பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றினார். அங்கு ரீட் எல்ஸ்வொர்த் என்னும் இளம் மருத்துவருடன் நட்புக் கொண்டார். பாராதைராய்டு சுரக்காத ஒரு நோயாளியை இருவரும் சேர்ந்து ஆராய்ந்து 1929 இல் கட்டுரை வெளியிட்டனர். அந்நோயாளிக்குப் பாராதைராய்டுச் சாற்றை ஊசிவழி செலுத்தியதும் முதலில் நிகழ்ந்தது சிறுநீரில் பாஸ்பேட் பெருகியதுதான். அதன்பின் இரத்தத்தில் பாஸ்பேட் குறைந்தது. கால்சியம் உயர்ந்தது அதற்கும் பின்னரே. இந்த வரிசையைக் கொண்டு அச்சுரப்பி முதலில் சிறுநீரகத்தின்மீதே செயல்படுகிறது என்று ஆல்பிரைட் வாதிட்டார். நேரடியாக எலும்பின்மீது செயல்படுகிறது என்று வேறு சிலர் கூறினர். பல ஆண்டுகள் நீடித்த இவ்விவாதத்தில் இரு தரப்பும் கூறியது உண்மையே எனப் பிற்காலத்தில் தெரிய வந்தது.

வியன்னாவில் ஓராண்டு

1928 – 29 காலத்தில் ஆல்பிரைட் வியன்னா சென்று நோயியல் அறிஞர் ஜேகப் எர்டைமிடம் ஓராண்டு கற்றார். எர்டைம் எலும்பு நோய்களைப் பற்றி அக்காலத்தில் மிக ஆழ்ந்து அறிந்தவர். எலிகளின் பாராதைராய்டுச் சுரப்பிகளை அழித்தால் அவற்றின் முன்பற்களில் கனிமப் படிவு கெடுவதை 1906 அளவிலேயே அவர் காட்டியிருந்தார். எலியின் முன்பல் வாழ்நாள் முழுவதும் வளர்வது. ஆகவே உடலின் கனிம நிலையில் நேரும் மாற்றங்கள் அப்பல்லில் பதிவாகிவிடுகின்றன. எலும்பு மென்மையாகும் நோயில் பாராதைராய்டுச் சுரப்பிகள் பருத்துக் காணப்படுவது அந்நோய்க்குக் காரணமன்று, உடல் அதனை ஈடுசெய்ய முயல்வதன் விளைவே என்பதும் எர்டைமின் முடிவு. காரணம் எது, விளைவு எது என்று பிரித்துப் பார்க்கும் இப்பாடத்தைப் பின்னாளில் ஆல்பிரைட் தம் நோயாளிகளிடம் பலமுறை பயன்படுத்தினார்.

உட்செல்வதும் வெளியேறுவதும்

1929 இல் பாஸ்டன் திரும்பிய ஆல்பிரைட், மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையின் நான்காம் பிரிவில் தம் ஆய்வைத் தொடங்கினார். 1925 இல் தொடங்கப்பட்ட இப்பிரிவில் பத்துப் படுக்கைகளே இருந்தன. ஆய்வுக்கு உகந்த நோயாளிகளை வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில் தங்கவைத்துக் கவனிப்பதற்கென்றே அமைந்த பிரிவு அது.

அங்குக் கையாளப்பட்ட முறை எளிமையானது. ஆனால் பொறுமையைச் சோதிப்பது. நோயாளி உண்ணும் உணவு ஒவ்வொரு வேளையும் நிறுக்கப்படும். அதிலுள்ள கால்சியம், பாஸ்பரஸ், நைட்ரசன் ஆகியவற்றின் அளவு கணக்கிடப்படும். உண்ணாமல் மிச்சம் வைத்தது கழிக்கப்படும். சிறுநீரும் மலமும் ஒரு துளியும் தவறாமல் சேகரிக்கப்பட்டு ஆய்வுக்கூடத்தில் பகுத்துப் பார்க்கப்படும். உட்சென்றதற்கும் வெளியேறியதற்கும் உள்ள வேறுபாடே உடலில் தங்கியது அல்லது உடலிலிருந்து இழந்தது. எடுத்துக்காட்டாக, ஒருவர் நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் கால்சியம் உண்டு, சிறுநீரில் 250, மலத்தில் 600 மில்லிகிராம் வெளியேற்றினால் அவர் நாள்தோறும் 50 மில்லிகிராம் இழக்கிறார். உடலிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலுமே இருப்பதால், அவ்விழப்பு பெரும்பாலும் எலும்பிலிருந்தே வந்திருக்க வேண்டும். நோயாளியின் எலும்பைத் தொடாமலேயே எலும்பின் நிலையை அறியும் வழி இது.

இக்கணக்கை வரைபடமாகக் காட்டவும் ஆல்பிரைட் குழுவினர் ஒரு முறையை வகுத்தனர். உட்சென்ற அளவைச் சுழிக்கோட்டிலிருந்து கீழ்நோக்கி வரைவர். அங்கிருந்து வெளியேறிய அளவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மேல்நோக்கி அடுக்குவர். அடுக்கு சுழிக்கோட்டைத் தாண்டினால் இழப்பு, தாண்டாவிட்டால் சேமிப்பு. ஒரே பார்வையில் நிலைமை புலப்படும். கணினியும் விரிதாளும் இல்லாத காலத்தில் நூற்றுக்கணக்கான பகுப்பாய்வு எண்களை இவ்வாறு ஒரு தாளில் அடக்கியது சிறிய செயலன்று. எலும்பு வளர்சிதைமாற்றக் கட்டுரைகளில் இவ்வரைபட முறை பல பத்தாண்டுகள் பின்பற்றப்பட்டது.

இக்காலத்தில் அம்மருத்துவமனையின் புகழ்பெற்ற நோயாளி வணிகக் கப்பல் தலைவரான சார்லஸ் மார்ட்டெல் ஆவார். எலும்புகள் கரைந்து, அடிக்கடி முறிந்து, உயரத்தில் ஏறத்தாழ 7 அங்குலத்தை இழந்திருந்த அவருக்குப் பாராதைராய்டு மிகைச்சுரப்பு இருப்பது 1926 இல் கண்டறியப்பட்டது. கழுத்தில் பலமுறை அறுவைச் சிகிச்சை செய்தும் கட்டி அகப்படவில்லை. உடற்கூற்று நூல்களைத் தாமே படித்து, நெஞ்சுக்கூட்டைத் திறந்து பார்க்குமாறு வற்புறுத்தியவர் மார்ட்டெலே என்று சொல்லப்படுகிறது. 1932 இல் ஏழாவது அறுவையில் நெஞ்சினுள் அக்கட்டி கிடைத்தது. எனினும் சில வாரங்களில் அவர் உயிரிழந்தார்.

இந்நோய் அரிதானது, எலும்பை மட்டுமே தாக்குவது என்று அதுவரை மருத்துவர்கள் எண்ணியிருந்தனர். ஆல்பிரைட் அதை ஏற்கவில்லை. எலும்பிலிருந்து கரையும் கால்சியம் சிறுநீர் வழியே வெளியேறும்போது சிறுநீரகத்தில் கல்லாகப் படிய வேண்டும். பால் நிறையக் குடித்து எலும்பைக் காத்துக்கொண்டவருக்குக் கல் மட்டுமே அறிகுறியாக இருக்கக்கூடும் என்று அவர் கருதினார். ஆகவே சிறுநீரகக் கல்லுடன் வந்தவர்களின் இரத்தத்தில் கால்சியத்தை அளக்கச் செய்தார். ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய நோயாளிகள் அகப்பட்டனர். ஆப், பவர் ஆகியோருடன் 1934 இல் இவர் எழுதிய கட்டுரை ஒரே மருத்துவமனையில் உறுதி செய்யப்பட்ட 17 பேரைப் பற்றியது.

குணமாகாத ரிக்கெட்ஸ்

ரிக்கெட்ஸ் என்பது வளரும் குழந்தைகளின் எலும்பில் கனிமம் போதிய அளவு படியாமையால் கால்கள் வளைந்து, எலும்பு முனைகள் பருத்து, வளர்ச்சி குன்றும் நோய். புகைமண்டிய தொழில் நகரங்களில் வெயில் படாமல் வளர்ந்த பிள்ளைகளிடம் இது மிகுந்து காணப்பட்டது. புற ஊதாக் கதிர்களும் மீனெண்ணெயும் இதனைக் குணமாக்கும் என்பது 1919 அளவில் உறுதியாயிற்று. 1922 இல் உயிர்ச்சத்து டி இனங்காணப்பட்டது. 1930களில் அமெரிக்காவில் பாலில் அதைச் சேர்க்கும் வழக்கம் பரவியபின், தெருவெங்கும் காணப்பட்ட நோய் விரைந்து மறையலாயிற்று.

பொதுவான நோய் மறைந்தபோதுதான் பொதுவல்லாத நோய் கண்ணில் பட்டது. உயிர்ச்சத்து டி கொடுத்தும் சிலருக்கு ரிக்கெட்ஸ் தீரவில்லை. அத்தகைய பதின்வயதுச் சிறுவன் ஒருவனை ஆல்பிரைட், ஆலன் பட்லர், புளூம்பர்க் ஆகியோர் நான்காம் பிரிவில் நீண்ட நாட்கள் ஆராய்ந்தனர். அவனுடைய இரத்தத்தில் பாஸ்பேட் குறைவாக இருந்தது. வழக்கமான அளவு உயிர்ச்சத்து டி எந்தப் பயனும் தரவில்லை. பன்மடங்கு பேரளவில் கொடுத்தபோதே எலும்பு தேறத் தொடங்கியது. சத்துக் குறைவால் வந்த நோயன்று. சத்து இருந்தும் உடல் அதற்கு இணங்க மறுக்கிறது என்று அவர்கள் 1937 இல் எழுதினர்.

அதுவரை பற்றாக்குறை என்றால் கொடுத்து நிரப்புவது, மிகை என்றால் அறுத்துக் குறைப்பது என்னும் இரண்டே வழிகளில் சுரப்பி நோய்களும் சத்துக்குறை நோய்களும் அணுகப்பட்டு வந்தன. செய்தி போய்ச் சேர்ந்தும் பெறும் இடம் அதைக் கேளாதிருத்தல் என்னும் மூன்றாவது வாய்ப்பு இங்கே எண்ணிப் பார்க்கப்பட்டது.

எனினும் ஆல்பிரைட்டின் விளக்கம் முழுதும் சரியானதன்று. குடல் கால்சியத்தைச் சரிவர உறிஞ்சாமையால் பாராதைராய்டு தூண்டப்பட்டு, அதனால் பாஸ்பேட் சிறுநீரில் இழக்கப்படுகிறது என்று அவர் கருதினார். பின்னர் வந்த ஆய்வுகள் வேறு திசையைக் காட்டின. 1958 இல் ராபர்ட் வின்டர்சும் அவர் குழுவினரும் ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்து, இந்நோய் எக்ஸ் நிறப்புரி (குரோமோசோம்) வழியே ஓங்குபண்பாகக் கடத்தப்படுவதைக் காட்டினர். நோயுள்ள தந்தையிடமிருந்து எல்லா மகள்களுக்கும் இது வரும், மகன் எவருக்கும் வராது; நோயுள்ள தாயிடமிருந்து மகனானாலும் மகளானாலும் பாதி வாய்ப்பு உண்டு. 1995 இல் இதற்குரிய மரபணு (பெக்ஸ்) கண்டறியப்பட்டது. 2000 இல், இதையொத்த வேறொரு பரம்பரை ரிக்கெட்ஸை ஆராய்ந்தபோது எஃப்ஜிஎஃப்-23 என்னும் இயக்குநீர் வெளிப்பட்டது. இது எலும்புச் செல்களிலேயே சுரந்து, இரத்தத்தின் வழியே சிறுநீரகத்தை அடைந்து, பாஸ்பேட்டை வெளியேற்றச் சொல்வது. எக்ஸ்-சார் நோயிலும் இதுவே மிகுந்திருக்கிறது. எலும்பின் தவறான கட்டளையால் சிறுநீரகம் பாஸ்பேட்டை இழக்க, அந்த எலும்பே கனிமமின்றி வளைகிறது. உயிர்ச்சத்து டி-யைச் செயல்வடிவுக்கு மாற்றும் வேலையையும் இதே இயக்குநீர் தடுக்கிறது. ஆகவே உடல் இணங்க மறுக்கிறது என்று ஆல்பிரைட் கண்டது உண்மை. மறுப்புக்கு அவர் கூறிய காரணமே பிழைபட்டது.

ஏறத்தாழ 20,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கலாம் எனக் கணிக்கப்படுகிறது. எலும்பைப் போலவே பல்லும் பாதிக்கப்படுகிறது. எனாமலுக்கு அடியிலுள்ள பல்திசுவில் (டென்டின்) கனிமம் சரிவரப் படியாமையால் நுண்ணிய இடைவெளிகள் தோன்றுகின்றன. அவற்றின் வழியே கிருமிகள் பற்கூழை அடைகின்றன. சொத்தை சிறிதும் இல்லாத பல்லின் வேரில் திடீரெனச் சீழ் கட்டுவது இந்நோயாளிகளுக்கு வாடிக்கை.

சிகிச்சையைப் பொறுத்தவரை, ஆல்பிரைட் காலத்துப் பேரளவு உயிர்ச்சத்து இரத்தத்தில் கால்சியத்தை மிகுவித்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஆபத்துடையது. பின்னர் பாஸ்பேட் உப்பும் உயிர்ச்சத்து டி-யின் செயல்வடிவமும் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. 2018 இல் எஃப்ஜிஎஃப்-23 ஐத் தடுக்கும் புரோசுமாப் என்னும் எதிர்ப்புரத மருந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது.

மாணவர்கள் இந்நோயைப் பெயரொற்றுமை காரணமாக ஹைப்போபாஸ்பட்டேசியா என்னும் மற்றோர் அரிய பரம்பரை நோயுடன் குழப்பிக்கொள்வதுண்டு. இரண்டும் எலும்பையும் பல்லையும் கெடுப்பவை, ஆனால் வெவ்வேறானவை. பின்னதில் இரத்தத்தில் பாஸ்பேட் குறைவதில்லை. காரப் பாஸ்பட்டேஸ் என்னும் நொதியே குறைகிறது. எலும்பு உருவாக்கத்தில் பாஸ்பட்டேசுக்குப் பங்குண்டு என்று 1923 இல் இங்கிலாந்தின் ராபர்ட் ராபிசன் கூறியிருந்தார். 1948 இல் டொரன்டோவின் குழந்தை மருத்துவர் ஜான் ராத்பன், ரிக்கெட்ஸ் போன்ற எலும்புகளுடன் இறந்த ஒரு கைக்குழந்தையிடம் அந்நொதி மிகக் குறைந்திருந்ததைக் கண்டு இந்நோய்க்குப் பெயரிட்டார். அந்நொதி இல்லாதபோது கனிமப் படிவைத் தடுக்கும் பைரோபாஸ்பேட் சேர்ந்துவிடுகிறது. இந்நோயுள்ள குழந்தைகளின் பால்பற்கள் வேர் கரையாமலேயே, உரிய வயதுக்கு முன்னர் விழுந்துவிடும். 2015 இல் இதற்கான நொதி மருந்து ஒப்புதல் பெற்றது.

செபிரைட் சேவல்

உடல் இணங்காமை என்னும் கருத்து 1942 இல் முழு வடிவம் பெற்றது. பாராதைராய்டு சுரக்காதவர்களுக்கு உரிய அறிகுறிகளான குறைந்த கால்சியம், மிகுந்த பாஸ்பேட், தசையிழுப்பு ஆகியவற்றுடன் சிலர் வந்தனர். வட்ட முகம், குள்ள உருவம், குட்டையான கைவிரல் எலும்புகள் என அவர்களின் தோற்றமும் ஒத்திருந்தது. எல்ஸ்வொர்த்துடன் செய்த பழைய சோதனையை ஆல்பிரைட் இவர்களிடம் செய்து பார்த்தார். பாராதைராய்டுச் சாற்றைச் செலுத்தியும் சிறுநீரில் பாஸ்பேட் உரியவாறு பெருகவில்லை. சுரப்பி பழுதன்று, பெறும் உறுப்பே பழுது. இதற்குப் போலிப் பாராதைராய்டுக் குறைநோய் என்று பெயரிட்டார்.

கட்டுரைத் தலைப்பில் ஒரு கோழியினத்தின் பெயரையும் சேர்த்தார். செபிரைட் பேன்டம் என்னும் சிறுகோழி இனத்தில் சேவலுக்கும் பெட்டையைப் போன்ற இறகே அமைந்திருக்கும். ஆண் இயக்குநீர் இருந்தும் இறகு அதற்கு இணங்காமையே காரணம் என அக்காலத்தில் எண்ணப்பட்டது. பிற்காலத்தில் அச்சேவலின் உடல் ஆண் இயக்குநீரைப் பெண் இயக்குநீராக மாற்றிவிடுவதே காரணம் எனத் தெரிய வந்தது. ஆக, உவமை பிழை, உவமேயம் சரி. இயக்குநீருக்கு உறுப்பு இணங்காமையால் விளையும் நோய்களுக்கு முதல் சான்றாக இக்கட்டுரை இன்றும் பாடநூல்களில் குறிப்பிடப்படுகிறது. 1952 இல், அதே உடல் தோற்றம் இருந்தும் கால்சியக் குறைபாடு இல்லாதவர்களை விவரித்தபோது, போலியின் போலி என்று பொருள்படும்படி அந்நிலைக்குப் பெயரிட்டார். மருத்துவ மாணவர்களை இன்றளவும் சிரிக்க வைக்கும் பெயர் அது.

ஆல்பிரைட் தம் வாழ்நாளில் அறிந்திருக்க இயலாத தொடர்பு ஒன்று உண்டு. எலும்பில் நார்த்திசுக் கட்டிகள், தோலில் பழுப்புத் திட்டுகள், சிறுமியரிடம் முன்கூட்டியே பூப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த நோயை 1937 இல் அவர் விவரித்திருந்தார். டொனோவன் மெக்கியூனும் தனியே விவரித்தமையால் அது மெக்கியூன் – ஆல்பிரைட் கூட்டறிகுறி எனப்படுகிறது. 1990 ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்நோயும் 1942 இன் போலிக் குறைநோயும் ஒரே மரபணுவில் நேரும் மாற்றங்களால் விளைவன எனக் கண்டறியப்பட்டது. செல்லுக்குள் இயக்குநீரின் செய்தியைக் கடத்தும் புரதத்துக்குரிய மரபணு அது. ஒன்றில் அப்புரதம் ஓயாமல் இயங்குகிறது. மற்றதில் இயங்கத் தவறுகிறது.

பிற பணிகள்

மாதவிடாய் நின்ற பெண்களின் முதுகெலும்பு நொறுங்குவதை, முதுமையின் தவிர்க்க இயலாத விளைவு என்று விட்டுவிடாமல், சூலக இயக்குநீர் குறைவதோடு தொடர்புபடுத்தி 1941 இல் எழுதினார். எலும்புப்புரை பற்றிய இன்றைய அறிவு இங்கிருந்தே தொடங்குகிறது. அதே ஆண்டில், சிறுநீரகப் புற்றுநோயும் மிகுந்த கால்சியமும் உடைய ஒருவரைப் பற்றிய கலந்துரையாடலில், அக்கட்டியே பாராதைராய்டு இயக்குநீரைப் போன்ற ஒன்றைச் சுரக்கலாம் என ஊகித்தார். அத்தகைய புரதம் 1987 இல் பிரித்தெடுக்கப்பட்டது. கருமுட்டை வெளிப்படுவதை இயக்குநீர் கொண்டு தடுத்துக் கருத்தடை செய்ய இயலும் என்று 1945 இல் வெளிவந்த ஒரு மருத்துவ நூலில் குறிப்பிட்டார்; கருத்தடை மாத்திரை வந்தது பதினைந்து ஆண்டுகள் கழித்து.

1942 இல் வெளியான கிளைன்ஃபெல்ட்டர் கூட்டறிகுறி பற்றிய கட்டுரையும் இவருடைய ஆய்வகத்தில் பிறந்ததே. பயிற்சிக்கு வந்திருந்த இளைஞரான ஹாரி கிளைன்ஃபெல்ட்டரின் பெயரை முதலில் இட்டுத் தம் பெயரைக் கடைசியில் வைத்துக்கொண்டார். நோய் அவ்விளைஞரின் பெயராலேயே நிலைத்துவிட்டது. எட்வர்டு ரைஃபன்ஸ்டைனுடன் சேர்ந்து 1948 இல் வெளியிட்ட பாராதைராய்டுச் சுரப்பிகளும் எலும்பு வளர்சிதைமாற்ற நோய்களும் பற்றிய நூல், அத்துறையில் நெடுங்காலம் முதன்மை நூலாக விளங்கியது.

நோயும் அறுவைச் சிகிச்சையும்

1930களின் தொடக்கத்தில் ஆல்பிரைட் கிளேர் பர்ஜ் என்பவரை மணந்தார். இவர்களுக்கு இரு மகன்கள். அப்பத்தாண்டின் நடுப்பகுதியில், வயது நாற்பதை எட்டுமுன்னரே, பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் தோன்றின. அக்காலத்தில் இதற்குச் சொல்லும்படியான மருந்து இல்லை.

மேலே கூறிய பணிகளின் ஆண்டுகளை இந்த இடத்தில் திரும்பிப் பார்ப்பது நன்று. குணமாகாத ரிக்கெட்ஸ், எலும்புப்புரை, செபிரைட் சேவல், 1948 இன் நூல் ஆகிய அனைத்தும் நோய் தொடங்கிய பின் வந்தவை. கை நடுங்கியது; எழுத்து சிறுத்துப் பின் இயலாமற் போயிற்று; பேச்சு குழறியது. இளம் மருத்துவர்கள் அவருக்குக் கைகளாயினர். நோயாளியைத் தொட்டுப் பார்த்துச் சொல்வது, கட்டுரையை எழுதுவது, வண்டி ஓட்டுவது, உணவூட்டுவது என எல்லாவற்றுக்கும் துணை தேவைப்பட்டது. அவர்களுக்கும் இதனால் நன்மை விளைந்தது. அவருடைய குழறிய சொற்களைப் புரிந்துகொள்ள அருகிலேயே இருந்தவர்கள் அவர் சிந்திக்கும் முறையையும் கற்றுக்கொண்டனர். ஆன் ஃபோர்ப்ஸ், ஃபிலிப் ஹென்னிமன், ஃபிரெடெரிக் பார்ட்டர் முதலியோர் இவருடன் பணியாற்றியவர்கள். 1944 இல் அமெரிக்க மருத்துவ ஆய்வுக் கழகத்தின் தலைவர் என்ற முறையில், ஆய்வாளர் செய்யத்தக்கனவும் தகாதனவும் பற்றி அவர் ஆற்றிய உரை பெயர்பெற்றது. எதையேனும் அளந்து பார்க்க வேண்டும் என்பது அவ்வுரையின் முதன்மையான அறிவுரைகளுள் ஒன்று.

1950களில் நோய் முற்றியது. மூளையின் உட்பகுதியிலுள்ள ஒரு சிறு நரம்புத்திரளில் சாராயத்தைச் செலுத்தி அழிப்பதன் மூலம் நடுக்கத்தைக் குறைக்கும் புதிய அறுவை முறை அப்போது பேசப்பட்டு வந்தது. சக மருத்துவர்கள் பலர் தயங்கினர். ஆல்பிரைட் தாமே முடிவெடுத்தார். ஓர் ஆய்வாளராக அம்முறையின் பலாபலன்களை அவர் அறியாதவரல்லர். 1956 இல் நியூயார்க்கில் சிகிச்சை நடந்தது. முதலில் ஒரு பக்கத்தில் செய்தது பலன் தந்தது. மறுபக்கத்தில் செய்தபோது மூளையினுள் இரத்தக்கசிவு ஏற்பட்டது. அதன்பின் அவர் பேசவோ தாமாக இயங்கவோ இயலாதவரானார்.

அவர் ஆய்வு செய்த மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையிலேயே அடுத்த 13 ஆண்டுகள் படுக்கையில் கிடந்தார். அவரிடம் பயின்றவர்கள் அங்கேயே மருத்துவர்களாக நடமாடிக்கொண்டிருந்தனர். 1967 இல் எல்-டோப்பா என்னும் மருந்து பார்க்கின்சன் நோயாளிகளுக்குப் பெரும்பலன் தருவதாக ஜார்ஜ் கோட்சியாஸ் அறிவித்தார். அம்மருந்து அமெரிக்காவில் முறையான ஒப்புதல் பெற்றது 1970 இல். ஆல்பிரைட் 1969 டிசம்பர் 8 அன்று, தம் 69 ஆம் வயதில் காலமானார்.

நினைவு

போலிப் பாராதைராய்டுக் குறைநோயில் காணப்படும் உடல் தோற்றம் ஆல்பிரைட் பரம்பரை எலும்புக் கோளாறு என அழைக்கப்படுகிறது. அமெரிக்க எலும்பு, கனிம ஆய்வுச் சங்கம் இளம் ஆய்வாளர்களுக்கு இவர் பெயரால் விருது வழங்குகிறது.